டம்மி மாத்திரை விழுந்தால்?

அம்மாவுக்கு வந்தது பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்றுநோய். அறுவைக்குப் பிறகு கதிரியக்க அயோடின்-131 மூன்று முறை கொடுத்தார்கள். கடைசி ஸ்கேனில் நுரையீரலுக்குப் பரவிய கட்டிகள் அயோடினை இழுக்கவே இல்லை, அதாவது அது இனி பலிக்காது. நோயின் அளவைக் காட்டும் தைரோகுளோபுலின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. அடுத்து கட்டி வளர்வதைத் தடுக்கும் லென்வாட்டினிப் மருந்து, தினம் 24 மில்லிகிராம். ரத்த அழுத்தம் எகிற, 20 ஆக்கி, பிறகு 14 ஆக்கினார்கள். ஒன்றரை வருஷம் தாங்கியது.

கட்டி மறுபடி வளர்ந்தபோதுதான் டாக்டர் ட்ரையல், அதாவது புது மருந்துச் சோதனை பற்றிச் சொன்னார். மூன்று பேரில் இருவருக்குப் புது மருந்து, ஒருவருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. சயானுக்குத் திரும்பும் மும்பை லோக்கல் ரயிலில் அம்மா வாயே திறக்கவில்லை.

ஒப்புதல் படிவம் மராத்தியிலும் இந்தியிலும்தான் இருந்தது. அம்மா தாராவியில் நாற்பது வருஷமாக இந்தி பேசுகிறாள், படிக்கத் தெரியாது. தமிழில் கேட்டேன். மொழிபெயர்த்து, நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கித் தர மூன்று வாரமானது. ஒவ்வொரு இருமலுக்கும் பயந்தேன். ஆனாலும் கேட்டது சரி, நீங்களும் கேளுங்கள். அம்மா இரண்டு ராத்திரி பென்சிலோடு உட்கார்ந்து படித்தாள்.

"ஏட்டி, எனக்கு டம்மி விழுந்தா, கட்டி வளர்றத வேடிக்கை பாப்பாங்களா?"

இதையே டாக்டரிடம் கேட்டோம். எட்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். கட்டி வளர்ந்தால் ரகசியத்தை உடைத்துப் பார்த்து, டம்மியில் இருப்பவருக்கு மருந்தை மாற்றிக் கொடுப்பார்களாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். லென்வாட்டினிப்பும் இப்படி வந்ததுதான் என்றார். 2015இல் வெளியான அந்தச் சோதனையில் 392 பேர்; 261 பேருக்கு மருந்து, 131 பேருக்கு டம்மி. மருந்தெடுத்தவர்களில் பாதிப் பேருக்கு 18.3 மாதம் வரை நோய் வளரவில்லை. டம்மியில் அது 3.6 மாதம்தான்.

"அந்த நூத்தி முப்பத்தொரு பேரு தின்னதாலதான எனக்கு ஒன்றரை வருஷம் கெடைச்சுது," என்றாள் அம்மா. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ரத்தம், சிறுநீரில் புரதம், ஈசிஜி, சிடி. வீட்டில் ஒரு நோட்டு: காலை, மாலை பிரஷர், மாத்திரை விழுங்கிய நேரம். மிஞ்சிய மாத்திரையை எண்ணித் திருப்பித் தர வேண்டும். காலி டப்பாவைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

நான்காவது வாரம் உள்ளங்கால் சிவந்து தடித்தது, லென்வாட்டினிப் காலத்தில் வந்தது மாதிரியே. களிம்பு தடவும்போது வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்கட்டும்ட்டி," என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.