பதின்மூன்றில் ஒன்பது: அமெரிக்க அரசமைப்பின் பின்னக் கணக்கு

செப்டம்பர் 8

அமெரிக்க அரசமைப்பைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முகப்புரையைப் படித்துச் சிலிர்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதன் உயிர்நிலை பின்னங்களில் இருக்கிறது. எந்தக் காரியத்துக்கு எத்தனை பேர் தலையாட்ட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில், இந்த அரசமைப்புக்கு முன்பிருந்த பழைய கணக்கு. 1781-ல் அமலுக்கு வந்த கூட்டமைப்பு உடன்படிக்கையில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு. போர், கடன் போன்ற பெரிய விஷயங்களுக்கு 13 மாநிலங்களில் 9 வேண்டும். உடன்படிக்கையையே திருத்துவதென்றால் 13-ம் வேண்டும். வரி போடும் அதிகாரம், மாநிலப் பிரதிநிதிகள் கூடும் காங்கிரசுக்குக் கிடையாது. மாநிலங்களிடம் பங்கு கேட்கலாம், அவை தராவிட்டால் கையைப் பிசையலாம். விடுதலைப் போரின் கடனை அடைக்க இறக்குமதிப் பொருள்களுக்கு 5 சதவீதத் தீர்வை கேட்டுப் பார்த்தார்கள். 1782-ல் ரோட் ஐலண்ட் மறுத்தது. சற்று மாற்றி மறுபடி கேட்டபோது நியூயார்க் ஏற்க முடியாத நிபந்தனைகளைப் போட்டு முடக்கியது. இரண்டு முறையும் கெடுத்தது அந்த 13-க்கு 13 தான்.

செப்டம்பர் 10

பிலடெல்பியாவில் 1787 மே 25 முதல் கூடியவர்களை அனுப்பியது பழைய உடன்படிக்கையைத் திருத்துவதற்கு. அவர்கள் புதிதாகவே ஒன்றை எழுதிவிட்டு, கடைசியில் ஏழாம் பிரிவாக ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள்: 9 மாநிலங்களின் மாநாடுகள் ஒப்புக்கொண்டால், ஒப்புக்கொண்டவற்றுக்கு இடையே இது செல்லும். நடப்பிலிருந்த விதிப்படி பார்த்தால் இது விதிமீறல்தான். ஆவணம் முழுவதிலும் இதைவிடத் துணிச்சலான வரி எனக்குத் தென்படவில்லை.

மாநிலச் சட்டமன்றங்களிடம் விடாமல் தனி மாநாடுகளைக் கேட்டதிலும் கணக்கு உண்டு. சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் அதிகாரம் குறைவதற்குத் தாங்களே கை தூக்க மாட்டார்கள். தூக்கினாலும் அடுத்து வரும் சட்டமன்றம் அதை ரத்து செய்யப் பார்க்கும். மக்கள் இதற்கென்றே தேர்ந்தெடுத்த மாநாட்டின் முடிவை அப்படித் தொட முடியாது.

டெலவேர் 30-0 என்று முதலில் ஒப்புக்கொண்டது. மாசசூசெட்ஸில் 187-168, அதுவும் உரிமைகள் குறித்த திருத்தங்களைப் பரிந்துரைக்கலாம் என்று ஆதரவாளர்கள் இறங்கிவந்த பிறகு. 1788 ஜூன் 21-ல் நியூ ஹாம்ப்ஷைர் ஒன்பதாவது. சட்டப்படி வேலை முடிந்தது, ஆனால் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் இல்லாத ஒன்றியத்தை யார் மதிப்பார்கள்? முறையே 89-79, 30-27 என்று அவையும் நூலிழையில் வந்தன. பிலடெல்பியாவுக்கு ஆளே அனுப்பாத ரோட் ஐலண்ட் 1790 மே மாதத்தில் 34-32 என்று வந்து சேர்ந்தபோது, வாஷிங்டன் அதிபராகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

செப்டம்பர் 13

ஒரு மசோதா சட்டமாகும் வழி. காங்கிரசின் இரு சபைகளான பிரதிநிதிகள் சபையும் செனட்டும் ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும். பிறகு அது அதிபரின் மேசைக்குப் போகும். ஞாயிறு நீங்கலாக அவருக்கு 10 நாள். கையெழுத்திடலாம், காரணம் எழுதி, மசோதா எந்தச் சபையில் தொடங்கியதோ அதற்கே திருப்பி அனுப்பலாம், சும்மாவும் இருக்கலாம். சும்மா இருந்தால் 10 நாள் கழித்துத் தானாகவே சட்டமாகிவிடும். ஆனால் அதற்குள் காங்கிரஸ் அமர்வை ஒத்திவைத்து, திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால் மசோதா செத்துவிடும். இதைத்தான் பாக்கெட் வீட்டோ என்கிறார்கள்.

திருப்பி அனுப்பியதை மீறி நிறைவேற்ற இரு சபையிலும் மூன்றில் இரண்டு வேண்டும். எல்லோரும் வந்து வாக்களித்தால் அது பிரதிநிதிகள் சபையின் 435-ல் 290, செனட்டின் 100-ல் 67.

இந்தப் பாதையில் குறுக்குவழி தேடி காங்கிரஸ் அடிபட்டதும் உண்டு. அதிகாரத்தை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதன் முடிவு பிடிக்காவிட்டால் ஒரு சபை மட்டும் தீர்மானம் போட்டுத் தள்ளிவிடலாம் என்று பல சட்டங்களில் எழுதி வைத்திருந்தார்கள். 1983-ல் சாதா (Chadha) என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்தது: சட்டத்தின் விளைவு வேண்டுமென்றால் இரு சபையையும் அதிபரையும் கடந்துதான் வரவேண்டும்.

செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும் என்று சொல்லப்படுவதையும் முன்னோர் எழுதியதாக நினைப்பவர்கள் நிறைய. அரசமைப்பில் அப்படி எதுவும் இல்லை. அது செனட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட 22-ஆம் விதி. விவாதத்தை முடித்துவைக்கும் முறை 1917-ல் வந்தது, ஐந்தில் மூன்று என்ற அளவு 1975-ல் வந்தது.

செப்டம்பர் 14

நாடாளுமன்ற முறையில் பழகியவர்கள் இடறும் இடம்: அமைச்சர் யாரும் காங்கிரஸ் உறுப்பினராக இருக்க முடியாது. முதல் பிரிவின் ஆறாம் உட்பிரிவு அதைத் தடுக்கிறது.

செப்டம்பர் 17

1787-ல் கையெழுத்தான நாள். தோலில் எழுதிய நான்கு தாள்கள். எழுதியவர் ஜேக்கப் ஷாலஸ், கூலி 30 டாலர். முதல் தாளின் பதினைந்தாம் வரியில் சுரண்டி எழுதிய தடம் உண்டு. 40,000 பேருக்கு ஒரு பிரதிநிதிக்கு மேல் கூடாது என்றிருந்ததை 30,000 ஆக்கலாம் என்று மாநாட்டு உறுப்பினர் நதானியல் கோரம் கடைசி நாளில் கேட்டார். அதுவரை தலைமை நாற்காலியில் வாய் திறக்காமலே இருந்து வந்த வாஷிங்டன் எழுந்து ஆதரித்தார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. நான்காம் தாளின் கீழே, 'முப்பது' என்ற சொல் அழித்த இடத்தின்மேல் எழுதப்பட்டது என்று திருத்தக் குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். பின்னால் யாரும் கை வைத்ததாகச் சந்தேகம் வரக்கூடாதல்லவா.

கலந்துகொண்ட 55 பேரில் 39 பேரின் பெயர் இருக்கிறது. டெலவேர் பிரதிநிதி டிக்கின்சன் முன்பே ஊர் திரும்பிவிட்டதால் ஜார்ஜ் ரீட் அவருக்காகக் கையெழுத்திட்டார்.

அந்த 30,000 என்பது உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு மட்டுமே. தொகுதி எவ்வளவு பெருக்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை. 1929-ல் போட்ட சட்டம் 435-ல் நிறுத்திவிட்டது. 2020 கணக்கெடுப்பின்படி ஒரு தொகுதிக்குச் சராசரி சுமார் 7,60,000 பேர்.

இந்தத் தலைக்கணக்கில் ஒரு கறையும் உண்டு. அடிமைகளை ஐந்தில் மூன்றாகச் சேர்த்ததால், வாக்கில்லாதவர்களின் பெயரால் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கையும் அந்த இடங்களையொட்டியே அமைந்ததால், அதிபர் தேர்தலிலும் அவர்கள் கை ஓங்கியது.

செப்டம்பர் 21

ஐந்தாம் பிரிவு: திருத்தத்தை முன்மொழிய இரு சபையிலும் மூன்றில் இரண்டு, ஏற்க மாநிலங்களில் நான்கில் மூன்று. இன்று 50-ல் 38. 13 மறுத்தால் தீர்ந்தது. அதிபரின் கையெழுத்து தேவையில்லை. காங்கிரஸ் அனுப்பியவை 33, தேறியவை 27.

1789-ல் 12 அனுப்பியதில் பத்துதான் 1791-ல் உரிமைப் பட்டியலாயின. தொகுதி அளவை ஒழுங்குபடுத்த வந்த முதலாவது விழுந்தது. உறுப்பினர் சம்பளம் பற்றிய இரண்டாவதற்குக் காலக்கெடு எழுதாததால், அது 1992-ல் 27-ஆம் திருத்தமாக எழுந்து வந்தது.

செனட்டில் மாநிலங்களின் சம இடத்தை மட்டும், இழக்கும் மாநிலத்தின் சம்மதமில்லாமல் தொட முடியாது. சம இடம் தந்த அந்தச் சமரசமே 1787 ஜூலை 16-ல், மாநில வாரியான வாக்கில் 5-4 என்று, மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள் இரண்டாகப் பிளந்து நின்றபோது தப்பித்தது.

செப்டம்பர் 24

பதவிநீக்கம்: குற்றம் சாட்ட பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை, தண்டிக்க செனட்டில் மூன்றில் இரண்டு. 1868-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனுக்கு எதிராக 35-19. 36 வந்திருந்தால் போயிருப்பார். 2021-ல் டிரம்புக்கு எதிராக 57-43, வேண்டியது 67. இதுவரை தண்டிக்கப்பட்ட எட்டுப் பேரும் கூட்டாட்சி நீதிபதிகள். அவர்களைக் காப்பாற்ற எந்தக் கட்சியும் வரிந்துகட்டி நிற்பதில்லை என்பதால், அங்கே மட்டும் அந்த மூன்றில் இரண்டு எட்டும் தூரத்தில் இருக்கிறது.