சேவ் ஓரிடம், எக்ஸ்போர்ட் ஓரிடம்: ஒரே படத்தை வைத்துச் செய்து பார்த்தவை

படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பில் ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் அது எக்ஸ்சிஎஃப் என்ற தன் சொந்தக் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபெக்காக வேண்டுமா, எக்ஸ்போர்ட்டுக்குப் போ என்கிறது. 2012இல் வந்த 2.8 பதிப்பிலிருந்தே இப்படித்தான். இந்த வழக்கத்தைத் திட்டியவர்கள் நிறைய. அது நியாயம்தானா என்று பார்க்க, 4000×3000 பிக்சல் கொண்ட ஒரே படத்தைக் கொஞ்ச காலமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். நீலத் துணியின் மேல் சிவப்பு எழுத்து அச்சான அட்டை, பக்கத்தில் நார் பிரிந்த கயிற்று நுனி. ஜேபெக்குக்கு ஆகாதவற்றைத் தேடிப் பிடித்து எடுத்த படம்.

எக்ஸ்சிஎஃப்பில் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றான அடுக்கு), மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மறைப்பது), பாத் (வரைந்து வைத்த கோடு) எல்லாம் அப்படியே உட்காரும். அன்டூ வரலாறு மட்டும் கூட வராது. மூடித் திறந்தால் பின்னால் போக முடியாது. அதனால் வெளிச்சம், வண்ணம் போன்ற திருத்தங்களைத் தனி லேயரில் வைத்துக்கொள்கிறேன். கோப்பு கனமாகத்தான் இருக்கும். சுருக்காமல் கணக்குப் போட்டால் 1 கோடியே 20 லட்சம் பிக்சலுக்கு, பிக்சலுக்கு 3 பைட் வீதம், ஒரு லேயருக்கே 36 எம்பி. எக்ஸ்போர்ட் முடித்த பிறகும், மூடும்போது "இன்னும் சேமிக்கவில்லை" என்று எச்சரிக்கும். எரிச்சலாக இருந்தாலும் அது சொல்வது சரி: ஜேபெக்குக்குள் லேயர் போகாது.

அடுத்தது, ஜேபெக்கைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் படம் கெட்டுக்கொண்டே போகும் என்ற பேச்சு. செய்து பார்த்ததில் அது பாதி உண்மைதான். எதையும் தொடாமல், எக்ஸ்போர்ட் பெட்டியில் கேட்கும் தர எண்ணை ஒவ்வொரு தடவையும் 90 என்றே வைத்து, எக்ஸ்போர்ட் செய்ததையே திறந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். முந்தையதையும் புதியதையும் இரண்டு லேயராக அடுக்கி, மேல் லேயரை டிஃபரன்ஸ் மோடில் வைத்தால் வித்தியாசம் இல்லாத இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். முதல் சில தடவைக்குப் பிறகு கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. காரணம் எளிது. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் எண்களையும் முழுமையாக்குகிறது, அதாவது சில்லறையை விட்டுவிட்டு அருகிலுள்ள முழு எண்ணாக்குகிறது. கட்டமும் தரமும் மாறாவிட்டால் ஏற்கெனவே முழுமையான எண்ணை மறுபடி முழுமையாக்க ஒன்றும் இல்லை.

பிறகு இடப்பக்கம் 3 பிக்சல் மட்டும் கிராப் செய்து எக்ஸ்போர்ட் செய்தேன். கட்டங்களின் எல்லை நகர்ந்துவிட்டது. எல்லா எண்ணும் புதிதாக முழுமையாக்கப்படுகிறது. இதையே திரும்பத் திரும்பச் செய்து 800 சதவீதத்தில் பெரிதாக்கினால், கயிற்று நாரைச் சுற்றித் துணியில் இல்லாத பொடிப் புள்ளிகள் மொய்க்கின்றன. ஆக, படத்தைக் கெடுப்பது வெறும் சேமிப்பு இல்லை, இடையிடையே திருத்திச் சேமிப்பது. நாம் செய்வதோ அதைத்தான்.

எக்ஸ்போர்ட் பெட்டியில் பலர் திறக்காமல் விடுவது, மேம்பட்ட விருப்பங்களுக்குள் இருக்கும் சப்சாம்பிளிங். 4:2:0 என்று வைத்தால் வெளிச்ச விவரம் ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கும். வண்ண விவரம் மட்டும் நாலு பிக்சலுக்கு ஒன்று. மரம், முகம், வானம் என்றால் கண்ணுக்கே தெரியாது. என் அட்டையில் சிவப்பு எழுத்தின் ஓரம் நீலத்தோடு குழம்பி, ஊதா கலந்த அழுக்குக் கோடாகத் தெரிந்தது. 4:4:4 வைத்ததும் அதே 90இல் ஓரம் தெளிவு, கோப்பு மட்டும் சற்றுப் பெருத்தது. எழுத்துள்ள படத்துக்குத் தர எண்ணை ஏற்றுவதற்கு முன் இதைத்தான் மாற்றுவேன். சொல்லப்போனால் அந்த 90 என்பது சதவீதக் கணக்கே இல்லை. மென்பொருளுக்கு மென்பொருள் அளவுகோல் வேறு. போட்டோஷாப்பின் ஜேபெக் பெட்டியில் 0 முதல் 12 வரைதான்.

அளவு மாற்றம் ஸ்கேல் இமேஜில். 800×600 என்று கொடுத்தால் 25 பிக்சல் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும். புதிய பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் முறையான இன்டர்பொலேஷனை 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று வைத்தபோது கயிற்றின் இழைகள் துண்டு துண்டாக உடைந்தன. அதே பட்டியலில் உள்ள கியூபிக், நோஹாலோ இரண்டுமே ஒழுங்காகச் செய்தன. சுருக்கியதும் படம் லேசாக மங்கும். சிறிய ரேடியஸில் அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் ஃபில்டரைப் போட்டால் சரியாகிவிடும். அதே பெட்டியில் இருக்கும் ரெசல்யூஷனை 300இலிருந்து 72 ஆக்கிப் பார்த்தேன். ஒரு பிக்சல்கூட மாறவில்லை. அச்சில் எத்தனை அங்குலம் வரும் என்ற குறிப்பு மட்டுமே அது.

ஜிம்ப் மேல் எனக்கு இருக்கும் ஒரே குறை இங்கேதான். சேவ், எக்ஸ்போர்ட் இரண்டையும் பிரித்தது சரி. ஆனால் எக்ஸ்போர்ட் பெட்டியில் அளவு கேட்பதே இல்லை. அளவைச் சுருக்க வேண்டுமானால் வேலை நடக்கும் படத்தையே சுருக்க வேண்டும். கை பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் எக்ஸ்சிஎஃப்பும் 800×600 ஆகிவிடும். டார்க்டேபிள் என்ற இன்னொரு படத் திருத்த மென்பொருளில் இந்தப் பயமே இல்லை. திருத்தங்கள் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி கோப்பில் எழுதப்படும், மூலப் படத்தைத் தொடாது. எக்ஸ்போர்ட் பகுதியிலேயே அகல உயரம் கொடுக்கலாம், இரண்டையும் 0 என்று விட்டால் முழு அளவு.

ஜிம்ப்பில் இப்போது செய்வது இது: எக்ஸ்சிஎஃப்பைச் சேமித்துவிட்டு, கண்ட்ரோல்-டி அழுத்திப் படத்துக்கு ஒரு நகல் எடுக்கிறேன். சுருக்குவது, கூர்மையாக்குவது, கேமரா படத்தோடு எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் இடக்குறிப்பு போகாமல் டிக்கை எடுப்பது, எக்ஸ்போர்ட் எல்லாம் அந்த நகலில்தான். நகலை மூடும்போது வழக்கமான எச்சரிக்கை வரும், சேமிக்காமலே மூடிவிடுகிறேன்.