தோலுக்குப் போனேன், வயிற்றைக் கேட்டார்கள்

முழங்கையிலும் தலையிலும் செதில் செதிலாக உதிர்வது பொடுகு இல்லை, சொரியாசிஸ் என்று காரைக்குடியில் தோல் மருத்துவர் சொன்னார். அதற்குப்பிறகு அவர் கேட்டதெல்லாம் வயிற்றைப் பற்றி. மலச்சிக்கல் உண்டா, இரத்தம் கலந்து போகுமா, அண்மையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா?

தோலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். பொறுமையாக விளக்கினார். தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் நோய் எதிர்ப்புச் செல்கள் காரணமில்லாமல் கிளம்பிவிடுவதால், சில நாட்களிலேயே புதுத்தோல் முளைத்து அடுக்கடுக்காகச் சேர்கிறது. அந்தச் செல்களில் ஏராளமானவை குடலை ஒட்டியும் இருக்கின்றன. நாம் சாப்பிடும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. அது குடல் சுவருக்கு உணவு, அழற்சியை அடக்கவும் உதவும். அதைத் தயாரிக்கும் ஃபேக்கலிபாக்டீரியம் என்ற வகை, சொரியாசிஸ் உள்ளவர்களிடம் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குடலைப் புண்ணாக்கும் குரோன் நோய் உள்ளவர்களுக்கு சொரியாசிஸ் வரும் வாய்ப்பும் கூடுதலாம்.

"ஆனா எது முதல்ல வந்தது, எது அதால வந்ததுன்னு இன்னும் முடிவாகலை ஆச்சி. மாத்திரையை விட்டுட்டுத் தயிரை மட்டும் நம்பாதீங்க" என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்தது.

பூச கால்சிபோட்ரையால் களிம்பு, சாப்பிட மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அட்டையிலேயே 'ஞாயிறு' என்று பெரிதாக எழுதிவைத்தேன். வேறு நாளில் ஃபோலிக் அமிலம். இரத்த அணுக்களுக்கும் ஈரலுக்கும் அவ்வப்போது பரிசோதனை.

மாமியார், "கத்திரிக்காயும் கருவாடும் வேணாம் ஆத்தா" என்றார். மருத்துவர் எதையும் விலக்கவில்லை, நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னார். எங்கள் விசேஷங்களில் சீனியும் நெய்யுமாக வரும் கவுனியரிசி என்ற கருப்பரிசியை நான் இப்போது கஞ்சியாகக் குடிக்கிறேன். அரிசி கழுவிய நீரில் வைக்கும் மண்டிக் குழம்பில் சின்ன வெங்காயமும் மொச்சையும் அதிகம். காலையில் பழைய சோறு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் அழற்சி நோய்க்குத்தான் ஆராய எடுத்தார்கள், தோலுக்கு அல்ல. அதையும் சேர்த்தே சொல்கிறேன், யாரும் இதை மருந்தென்று நினைத்துவிடக் கூடாது.

வயிறு சீரானது சாப்பாட்டால்தான். செதில் அடங்கியது மாத்திரையால் என்றே நம்புகிறேன். உறவுக்காரர்கள் இன்னும் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்கிறார்கள். ஒட்டாது. ஆனால் இந்த நோய் உள்ளவர்களுக்குக் காலையில் விரல் மூட்டுகள் விறைத்து வலித்தால், அதை வயசுக்கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்; சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும்.