வரம்புக்குள் இருந்தால் போதுமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம் என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட, "சரி, எவ்வளவு வரைக்கும் குடிக்கலாம்?" என்று அடுத்த மூச்சிலேயே கேட்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். இந்தக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. எந்த அளவைத் தாண்டினால் தண்டனை என்பதைத்தான் சட்டம் சொல்கிறது. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று எந்தச் சட்டமும் உறுதி கொடுக்கவில்லை.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை மது இருக்கலாம் என்பது இங்கிலாந்தில் 1967 முதல் இருந்துவரும் வரம்பு. ஸ்காட்லாந்து அதை 2014 டிசம்பரில் 50 ஆகக் குறைத்தது. ஆகவே இரத்தத்தில் 70 மில்லிகிராமோடு இங்கிலாந்தில் சட்டப்படி வண்டி ஓட்டி வரும் ஒருவர், ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிய நொடியில் குற்றவாளி ஆகிவிடுகிறார். ஆனால் அவருடைய கண்ணும் கையும் எல்லைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தடுமாறினவோ, அந்தப் பக்கமும் அவ்வளவேதான் தடுமாறும். இந்தியாவில் வரம்பு 30, ஸ்வீடனில் 20, ஹங்கேரியிலும் செக் குடியரசிலும் பூஜ்யம்.

அப்படியானால் இந்த எண் எதற்கு என்று கேட்கலாம். முன்பெல்லாம் ஓட்டுநர் போதையில் இருந்தாரா என்பதை அவருடைய நடையையும் பேச்சையும் வாய் நாற்றத்தையும் வைத்தே நிரூபிக்க வேண்டியிருந்தது. நன்றாகக் குடித்துப் பழகியவர்கள் அந்தச் சோதனைகளில் எளிதாகத் தப்பினார்கள். 1936-இல் நார்வே இரத்தத்தில் உள்ள மது அளவையே குற்றத்துக்கு அடிப்படையாக வைத்துச் சட்டம் இயற்றியபோது, "நான் நிதானமாகத்தான் இருந்தேன்" என்ற வாதம் செல்லாமல் போயிற்று. வழக்கை நடத்துவதற்கு எண் அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சாலையில் ஊதச் சொல்லும் கருவியின் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஏறத்தாழ 2,100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் இருக்கும் மதுவும் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருக்கும் மதுவும் சமம் என்ற அடிப்படையில்தான் பல கருவிகள் இயங்குகின்றன. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றுதான் இரத்தத்தின் நிலையைக் காட்டும் என்பதால், "நிறுத்தாமல் ஊதுங்கள்" என்று காவலர் வற்புறுத்துகிறார். ஏலக்காயோ புதினா மிட்டாயோ வாய் நாற்றத்தை மறைக்கலாம். நுரையீரலிலிருந்து வரும் மதுவை அவற்றால் மறைக்க முடியாது.

பலர் ஏமாறுவது மறுநாள் காலையில்தான். கல்லீரல் மதுவைத் தனக்குரிய வேகத்தில்தான் வெளியேற்றும். ஆளுக்கு ஆள் மாறினாலும், மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். நள்ளிரவில் 150 இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்கு இன்னும் 60 இருக்கும். தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்து, தெளிவாக இருப்பதாக நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வண்டியில் அழைத்துச் செல்லும் ஒருவர், பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி அப்போதும் குற்றமே செய்துகொண்டிருக்கிறார். குளியலும் காபியும் தூக்கக் கலக்கத்தைப் போக்குமே தவிர, இரத்தத்தில் இருப்பதை ஒரு மில்லிகிராம்கூடக் குறைக்காது.

ஜெர்மனியின் அணுகுமுறை எனக்கு நேர்மையாகப் படுகிறது. அங்கே பொது வரம்பு 50 என்றாலும், 30 இருக்கும்போதே வண்டி தடுமாறினாலோ விபத்து நேர்ந்தாலோ குற்ற வழக்குப் பாயும்; புதிதாக உரிமம் பெற்றவர்களும் 21 வயது நிரம்பாதவர்களும் ஒரு சொட்டுக்கூடக் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது. ஸ்வீடன் 1990-இலேயே பொது வரம்பை 50-இலிருந்து 20-க்கு இறக்கிவிட்டது. எல்லா நாடுகளும் அந்த அளவுக்கு வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 80 என்ற வரம்பை இன்னமும் வைத்திருக்க நியாயமான காரணம் ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை.