குஞ்சோடு நிற்கும் மீன்

போன மே மாதக் கடைசியில், கனடாவில் ரைஸ் லேக் என்ற ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிற பியூட்லி என்ற சின்ன ஊரில், ஒரு வயதான வெள்ளைக்காரர் என் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டில் மீன் குஞ்சு பொரிக்கும் வரைக்கும் பொறுக்க மாட்டீர்களா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. ஆறுதலாகத்தான் கேட்டார். அதனால் இன்னும் கூடச் சுட்டது.

வாளிக்குள் லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாய் மீன் ஒன்று கிடந்தது. மீன்பிடி லைசென்ஸ், அதற்கு வேண்டிய அவுட்டோர்ஸ் கார்ட் எல்லாம் பையில் இருந்தன. சன்ஃபிஷ் என்ற சின்ன மீன் பிடிக்கத்தான் மகளோடு போனேன். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் புழுவைப் போட, இது வந்து கவ்வியது. இங்கே பாஸ் பிடிக்கும் பருவம் யூன் மூன்றாம் சனிக்கிழமைதான் திறக்கும், அதுவரைக்கும் தப்பித் தவறிப் பட்டால் உடனே விட்டுவிட வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் வாசித்தும் இருந்தேன். ஆனால் மகள் துள்ளிக் குதித்தாள், சரி ஒன்றுதானே என்று வாளியில் போட்டுவிட்டேன்.

அவர் தண்ணீரின் மினுக்கத்தை மறைக்கிற தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மகளிடம் கொடுத்து, தண்ணீருக்குள் ஓர் இடத்தைக் காட்டினார். பிறகு நானும் வாங்கிப் பார்த்தேன். சேறும் பாசியுமான அடித்தரையில் ஒரு சுளகு அகலத்துக்கு மட்டும் வட்டமாக, முற்றம் கூட்டினது போலச் சுத்தமாக இருந்தது. அது ஆண் மீன் வாலால் அடித்து அடித்துத் துப்புரவாக்கிய கூடு. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தகப்பன்தான் வாலால் விசிறி முட்டைக்கு நல்ல தண்ணீர் ஓடச்செய்து, குஞ்சு பொரித்த பிறகும் கொஞ்ச நாள் காவல் நிற்கும். அந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கிட்ட வருகிற எதையும் கடித்து விரட்டும். என் புழுவைக் கவ்வியதும் பசியில் இல்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஏழெட்டு சன்ஃபிஷ் அந்த வட்டத்துக்குள் தலையைக் குத்தி முட்டைகளைக் கொத்திக்கொண்டிருந்தன. "கையை நனை, நனை" என்றார் அவர். காய்ந்த கையால் பிடித்தால் மீனின் மேல் இருக்கிற வழுவழுப்பு உரிந்துவிடும், அதன் பிறகு நோய் பிடிக்கும். நனைத்துக்கொண்டு, செவுளைத் தொடாமல் வயிற்றைத் தாங்கித் தண்ணீருக்குள் விட்டேன். ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு நேராகக் கூட்டுக்கே போனது. சன்ஃபிஷ் எல்லாம் சிதறி ஓடின. மகள் கைதட்டினாள். எனக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் எங்கள் நாட்டில் பொறுப்பார்கள். கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் குளத்தில், விரால் குஞ்சு பொரித்தால் தண்ணீரின் மேல் ஒரு செம்மஞ்சள் கூட்டம் நெளிந்து நெளிந்து போகும், அதற்குக் கீழே தாயோ தகப்பனோ நிற்கும். தவளையைக் கொழுவிப் போட்டால் கோபத்திலேயே வந்து அடிக்கும், பிடிக்கிறது லேசு. அதனாலேயே அப்பப்பா விடமாட்டார். "குஞ்சோட நிக்கிறதைத் தொடாதை" என்பார். அவர் இல்லாத ஒரு பின்னேரம் நான் பிடித்தேன். அந்தச் செம்மஞ்சள் கூட்டம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி நின்றது, அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. அப்பப்பா அந்த மீனைச் சாப்பிடவில்லை.

நான் ஸ்காபரோவுக்கு வந்து 14 வருடம். பனி தள்ளப் பழகிவிட்டேன், இங்கத்தைக் காப்பி பழகிவிட்டது, இதுதான் இனி என் ஊர் என்று ஆட்களிடம் சொல்லியும் வருகிறேன். ஆனால் ஏரிக்கரையில் காற்று திரும்பி ஈரச் சேற்று மணம் வந்தால் குளக்கட்டுத்தான், மருத மரங்கள்தான், அப்பப்பாவின் தோளில் கிடந்த துவாய்தான்.

இப்போது தூண்டில் பெட்டியில் ஈயக் குண்டு வைப்பதில்லை. அறுந்து கிடக்கிற ஒரு சின்ன ஈயக் குண்டை லூன் பறவை விழுங்கினாலே செத்துவிடும். இந்த நாட்டு ஒரு டொலர் நாணயத்தில் இருக்கிற பறவை அது. கொளுக்கியின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன், கழற்றும்போது வாய் கிழியாது. பக்கத்தில் ஆள் நின்றால் கேட்டுவிட்டுத்தான் தூண்டில் போடுகிறேன்.

எனக்கு ஆறாதது போர்ட் ஹோப்பில் பார்த்தது. செப்டம்பரில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன்கள் அங்கே ஓடுகிற கனராஸ்கா ஆற்றில் முட்டையிட ஏறி வரும். வயிற்றைக் கீறிச் சினையை மட்டும் எடுத்துக்கொண்டு முழு மீனைக் கரையில் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள், ஒன்றிரண்டு இல்லை. சினைமீன் குழம்புக்குச் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்ட எனக்கு, அதைப் பார்த்து வயிறு பற்றி எரிந்தது. எடுத்தால் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கக் கூடாது. இதில் வெள்ளை, தமிழ் என்று பார்க்க என்ன இருக்கிறது?

இந்த மே மாதமும் பியூட்லிக்குப் போனோம். மகள் தானே முதலில் கண்டுபிடித்தாள், மூன்று கூடுகள். அந்தப் பக்கமே புழுப் போடாமல் பாலத்தடிக்குப் போய்விட்டோம், அங்கே ஒன்றும் படவில்லை. இரவு ஊருக்கு அழைத்தபோது, அங்கே விடிந்திருந்தது, அப்பா வழக்கம்போல என்ன பட்டது என்று கேட்டார். சொன்னேன்.

"முட்டையோ, குஞ்சோ?"

"முட்டையப்பா."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள் செல்லும், பொறு," என்றார். பிறகு, "இஞ்சை குளம் வத்திப்போச்சு" என்றார்.