உயில் எழுதியாகிவிட்டது, சரி, அதற்கு முன்னால்?

வயதான காலத்துக்குச் சட்டப்படி என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் உயில். எழுதி, பதிவு செய்து, பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். நல்லதுதான். ஆனால் எழுதியவர் இறந்த பிறகுதான் உயிலுக்கு வேலை. பக்கவாதம் வந்து பேச்சில்லாமல் படுத்திருக்கும் வருடங்களிலோ, ஞாபகமறதி நோயில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கும் காலத்திலோ அந்த உயிலை வைத்து வங்கியிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது.

"அதற்குத்தான் என் சார்பில் கையெழுத்துப் போடப் பெரியவனுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேனே" என்பார்கள் அடுத்து. வில்லங்கமே இங்கேதான். இந்தியாவில் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் சாதாரணப் பவரும் அத்தோடு முடிந்தது. எந்த நாளுக்குப் பயந்து எழுதினோமோ, அந்த நாள் வந்ததும் அது செல்லாது! அப்புறம் கோமாவில் கிடப்பவரின் மனைவியோ பிள்ளையோ மருத்துவ அறிக்கையும் கையுமாக உயர் நீதிமன்றத்துக்குப் போய், என்னைக் காப்பாளராக நியமியுங்கள் என்று மனுப் போட வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்து 2005-லும் சிங்கப்பூர் 2008-லும் கொண்டுவந்த மனத்திறன் சட்டங்கள் இந்த ஓட்டையை அடைத்துவிட்டன. எல்பிஏ (நீடித்து நிற்கும் பவர்) என்று அங்கே சொல்கிற பத்திரத்தைத் தெளிவாக இருக்கும்போதே எழுதி, பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், பின்னால் மனத்திறன், அதாவது சுயமாக முடிவெடுக்கும் தெளிவு, போனாலும் அது செல்லும். அந்த நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் இதைச் செய்யாமல் தள்ளிப்போடுவது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

இந்தியாவில் இருப்பவர்கள் கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். வங்கிக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற வகைக் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்வது குறைந்தபட்ச வேலை. சொத்து அதிகம் என்றால், அதை நம்பகமானவர் பொறுப்பில் விட்டு நமக்காக நிர்வகிக்க வைக்கும் தனியார் டிரஸ்ட் பற்றி வக்கீலிடம் கேட்கலாம். நாமினி போட்டாச்சே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அதுவும் இறந்த பிறகு உதவுகிற ஏற்பாடுதான், போதாததற்கு நாமினி வேறு, வாரிசு வேறு: நாமினி வாங்கி வைத்திருப்பவர், உரிமை வாரிசுக்குத்தான். கம்பெனிப் பங்குகள் விஷயத்திலும் இதையேதான் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது.

சிகிச்சை விஷயம் தனி. இனி தேற வழியில்லை என்ற கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வாழ்நாள் உயிலை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்தெல்லாம் கேட்டதால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 2023 ஜனவரியில் இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்று தளர்த்திவிட்டார்கள். நம் சார்பில் முடிவு சொல்லப் போகிறவர்களின் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். பாசத்தில் உருகுகிறவரைவிட, ஐசியூ வாசலில் நின்று டாக்டரிடம் நிதானமாகப் பேசத் தெரிந்தவராகப் பாருங்கள்.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது செட்டில்மெண்ட்தான். "எப்படியும் அவனுக்குத்தானே" என்று வீட்டை உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு எழுதிவிடுகிறார்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், செட்டில்மெண்ட் அப்படி இல்லை, எழுதிப் பதிவு செய்த பின் நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை கைவிட்டால், 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போய் ரத்து செய்யச் சொல்லலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திரம் எழுதுபவர் "அதெல்லாம் எதுக்கு சார், சொந்தப் பிள்ளைதானே" என்பார். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைக்குச் சங்கடமாக இருந்தால் இருக்கட்டும்.

எதை எழுதினாலும் எழுதும் நாளில் நாம் தெளிவாக இருந்தோம் என்பதுதான் பின்னால் வழக்காகும். வயது கூடியிருந்தால் அன்றைய தேதியில் ஒரு டாக்டர் சான்றிதழ் வாங்கி அதோடு வைத்துவிடுங்கள். சாட்சிகள் உங்களைவிட வயதில் சிறியவர்களாக இருக்கட்டும்.