பத்தாம் வசனம்

எங்கள் சபைக் கமிட்டிக்கு இந்த முறை இளைஞர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். மனதார மகிழ்கிறேன். பின்னாளில் பேராயரான, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னின்றபோது அவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. வயது எனக்குக் கவலையே இல்லை. வேதத்தை வாசிக்கும் விதம்தான் கவலை.

போன வாரம் ஜெபக்கூட்டத்தில் ஒரு தம்பி வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 29:11-ஐ எடுத்துப் பேசினார். உங்களுக்காக நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் வருமே, அதே வசனம். இந்த ஆண்டே வேலை, வீடு, வெளிநாடு என்று முடித்தார். பிறகு அவரிடம் பத்தாம் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். ஊர் திரும்புவது எழுபது வருஷம் கழித்துத்தான் என்கிறது அது! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. ஆனாலும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் எரேமியா. எவ்வளவு பெரிய நம்பிக்கை அது! அட்டையில் அதில் பாதிகூட இல்லை.

"அண்ணாச்சி, இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லையே" என்றார் தம்பி.

உண்மை. குற்றம் எங்கள் தலைமுறையுடையது. மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுத்தோம், ஒரு புத்தகத்தை முழுதாக வாசிக்க உட்காரவைக்கவில்லை. எழுத்து தெரியாத என் ஆச்சிக்கு யோசேப்பின் கதை முழுவதும் தெரியும். உபதேசியார் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியது.

சனிக்கிழமை மாலை ஆறரைக்கு ஆலயத்தில் எரேமியாவைத் தொடங்குகிறோம். 52 அதிகாரங்கள். முதல் அதிகாரத்தை அந்தத் தம்பிதான் வாசிக்கிறார்.